புள்ளிக்குக் காசில்லை

அங்க அடையாளம் என்ன என்று கேட்டான்
பாசி எடுக்கிறவர்களுக்கு அட்டை எழுதும் பையன்.
பாம்பன் சமுதாயக் கூடம், மின்விசிறி ஓடவில்லை.
கையை நீட்டினேன்.
எழுத்துக் கூட்டினான்.
"என்னக்கா இது, நமபு?"

புள்ளி போய்விட்டது.
எப்போது போனதென்று நானே பார்க்கவில்லை.

பதினேழு வயதில் குத்தியது.
நம்புநாயகி கோயில் ஆடிக் கூட்டத்தில்
மணல்மேல் சாக்கு விரித்து
லாரி பேட்டரியில் ஊசி ஓட்டினான் ஒருவன்.
எழுத்துக்குப் பத்து ரூபாய்.
என்னிடம் முப்பதுதான்.
பெயரில் இருந்த செல்வியை விட்டுவிட்டேன்.
நம்பு போதும், அம்மனுக்குத் தெரியும் யாரென்று.
இந்தத் தீவில் நம்பு என்று கூப்பிட்டால்
வத்தைக்கு இரண்டு பேர் திரும்புவார்கள் என்பது
அன்றைக்குத் தோன்றவில்லை.
"புள்ளிக்குக் காசில்லை" என்று சொல்லிக்கொண்டே
கடைசியாக ஒரு குத்து.
அதுதான் வலித்தது.

தங்கச்சிமடத்து இன்னாசியைக் கட்டியபோது
பிலோமி ஆனேன்.
தண்ணீர் ஊற்ற வந்த சாமியார்
கையைத் திருப்பிப் பார்த்தார்.
அழிக்கச் சொல்வார் என்று தொண்டை அடைத்தது.
"ஏற்கெனவே எழுதி வச்சிருக்கியே" என்றார்.
அதற்குப் பிறகு அது பெயர் இல்லை, ஏவல்.
பன்னிரண்டு வருஷம் கீழ்ப்படிந்தேன்,
மனசாரத்தான்.
அம்மனோடு சண்டை ஒன்றுமில்லை.
முன்பு குடியிருந்த வீட்டுக்காரியைச் சந்தையில் பார்த்தால்
தலையசைப்போமே, அப்படி.

ஒரு கார்த்திகை வாடையில்
வத்தை வந்தது. இன்னாசி வரவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும்
ஒரே வார்த்தைதான் இருந்தது.
வருவான், நம்பு.
பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களா,
கட்டளை போட்டார்களா,
கையில் இருந்ததை வாசித்தார்களா
எனக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை.
பதினோராம் நாள் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாறையில் பாசி பிடுங்க
எல்லாரும் விரலுக்குத் துணி சுற்றுவோம்.
நான் முழங்கைவரை சுற்றினேன்.
"கையில புண்ணா?" என்றாள் முனீஸ்வரி.
ஆமாம் என்றேன்.

ராமநாதபுரத்தில் தோல் டாக்டர்
லேசரில் எடுத்துவிடலாம், ஆறு தடவை வரணும் என்றார்.
எழுத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.
பாலத்தில் பஸ் ஏறியபோது
இரண்டு பக்கமும் கடல். எதையும் பார்க்காமல் வந்தேன்.

நாத்தனார் மகனுக்காக ஏர்வாடிக்குத் துணை போனேன்.
கும்பிட இல்லை, பை தூக்க.
வேப்பமரத்தடியில் ஒரு பெண்,
அருப்புக்கோட்டைப் பக்கம் என்றாள்.
நகையை எடுத்தது கொழுந்தன்தான்,
சொன்னதால்தான் இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்றாள்.
பேசிக்கொண்டே என் துணியைச் சுருள் சுருளாக அவிழ்த்தாள்.
வாசித்தாள்.
எழுந்து நின்று, என் கையை மனுவைப் போல உயர்த்தி
போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டினாள்.
சோற்றுப் பொட்டலம் கொடுப்பவருக்கு,
ஊதுவத்தி விற்கிற பிள்ளைக்கு,
ஒரு போலீஸ்காரருக்கு.
தோள் மரத்துப்போகும்வரை கொடுத்திருந்தேன்.
அவ்வளவு பொருத்தமாக அந்த வார்த்தை
என்மேல் ஒருநாளும் இருந்ததில்லை.

துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.
விசுவாசம் திரும்பியதா என்று கேட்காதீர்கள்.
மாதா கோயில் மணி கேட்டால் கை நெற்றிக்குப் போகிறது,
பாதியில் நின்றுவிடுகிறது.

போன மாதம் கடல் முள்ளெலியின் முள் ஒன்று
கையில் ஏறி ஒடிந்தது.
உள்ளேயே தங்கி, கறுப்பாக ஒரு புள்ளி.
ம-வுக்கு மேலே இல்லை.
ந-வுக்கு முன்னால்,
எந்த மொழியிலும் யாரும் புள்ளி வைக்காத இடத்தில்.
கடலுக்கு எழுத்து தெரியாது.

"என்னன்னு எழுதட்டும்?" என்றான் பையன்.
பேனாவை உதறினான்.
இருக்கிறபடி எழுது என்றேன்.
இடது முன்கையில் பச்சை, நமபு.
அருகே சிறு கரும்புள்ளி.
பதினைந்து நாளில் அட்டை வருமாம்.

நாளைக்கு வத்தம் அஞ்சரைக்கு.
கண்ணாடி ரப்பர் இற்றுப்போயிருக்கிறது,
மாற்ற வேண்டும்.